எழுத்து அனுமதி அதிகாரி கபாலி

மயிலாப்பூர் கபாலிக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் அமெரிக்காக்காரர்கள் வேறு மாதிரி சொல்லப்போகிறார்கள், அப்போது குழம்பக்கூடாது.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் வழியை அடைத்துக்கொண்டு உட்காருவது. சைதாப்பேட்டையில் ஓர் அரசாங்க ஆபீஸின் பதிவேட்டு அறையில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஃபைல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை. கையெழுத்தோடு போனதும் அப்படியொன்றும் அதிகமில்லை. மேலதிகாரியே மூச்சிரைக்க மாடியேறி வந்து நின்றாலும், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “படிவம் பூர்த்தி பண்ணிட்டேளா?” என்பார். ஐம்பத்தோரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது ஆபீஸில் பிரிவுபசாரம் அமர்க்களப்பட்டது. அத்தனை பேருக்கும் உள்ளூர எவ்வளவு சந்தோஷம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

வீட்டில் உட்கார்ந்த கபாலி ஒரே மாதத்தில் மனைவி நீரஜாவைப் பைத்தியமாக்கினார். பால் பாக்கெட் எத்தனை மணிக்கு வந்தது என்பதற்கு நோட்டு. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த காப்பிப்பொடிக்கு நோட்டு. “உங்களை யாராவது திரும்ப வேலைக்குக் கூப்பிட மாட்டாளா?” என்று நீரஜா வேண்டாத தெய்வமில்லை. தெய்வம் அவள் தம்பி சாய்சரண் ரூபத்தில் வந்தது.

சாய்சரணுக்குத் தி.நகரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. கீழே எவர்சில்வர் பாத்திரக்கடை, அதற்கு மேலே பிளவுஸ் தைக்கிற இடம், அதற்கும் மேலே இருபத்திரண்டு பேர் ஏ.சி. போட்டுக்கொண்டு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்தார்கள். அது 1998. உலகம் முழுக்க ஒரே பயம். கம்ப்யூட்டரில் வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதித் தொலைத்திருந்தார்கள். இரண்டாயிரம் பிறந்தால் அது 00 என்று காட்டும், கம்ப்யூட்டர் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று எடுத்துக்கொண்டு கூத்தடிக்கும். ஆயிரக்கணக்கான புரோகிராம்களில் இந்தத் தேதிகளைத் தேடித் தேடித் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம்தான் சாய்சரணின் பிழைப்பு.

எல்லாப் புரோகிராம்களும் ஒரே சர்வரில் கிடந்தன. யார் வேண்டுமானாலும் திறக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆடித் தள்ளுபடியில் ஒரே துணிக்குவியலில் இருபது பேர் கைவிடுவது போல்தான் நடந்தது. சீனியர் புரோகிராமர் சுஹாஸ் திங்கட்கிழமை திருத்தியதை வேறொருவன் செவ்வாய்க்கிழமை தெரியாமல் அழித்தான். அது அப்படியே அமெரிக்கா போய்ச் சேர்ந்து, சோதனை ஓட்டத்தில் பத்து மாதக் குழந்தைக்கு ஓய்வூதியம் அனுமதித்தது. அங்கிருந்து வந்த இ-மெயிலைச் சாய்சரண் நின்றுகொண்டே படித்தான்.

சுஹாஸ் ஒரு வழி சொன்னான். புதிதாக ஒரு மென்பொருள் போட்டுவிடலாம். அதன் பிறகு யாரும் எதையும் பார்க்கலாம், ஆனால் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் திருத்தலாம். யார் எதைத் திருத்தினாலும் அந்த ஆளின் பெயரோடு அதுவே ஒரு வரலாறு எழுதி வைத்துக்கொள்ளும். எல்லாம் சரி, பட்டியலில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? “அதுக்குக் கல் நெஞ்சு வேணும் சார். என்னால ஆகாது, தினம் அவங்க மூஞ்சிய பார்க்கணும்” என்றான் சுஹாஸ். சாய்சரணுக்கு அந்த நிமிஷமே அக்கா புருஷன் ஞாபகம் வந்தது.

“அத்திம்பேர், பெரிய வேலை ஒண்ணும் இல்லை. வரவாளையெல்லாம் உள்ள விடக்கூடாது. அவ்வளவுதான்.”

“இதுக்குச் சம்பளம் வேற தருவியோ?” கபாலி நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

மறுநாளே ரப்பர் ஸ்டாம்ப், மைப் பெட்டி, அட்டைபோட்ட இரண்டு குயர் நோட்டு சகிதம் வந்து இறங்கினார். சர்வர் இருந்த அறையின் கதவுக்கு நேரே மேஜையைப் போடச் சொன்னார். மேஜைமேல் அவரே எழுதி ஃபிரேம் போட்ட பலகை: எழுத்து அனுமதி அதிகாரி. சுஹாஸ் அவருக்கு நான்கு கட்டளைகள் கற்றுக்கொடுத்தான். பட்டியலில் பெயர் சேர்க்க ஒன்று, நீக்க ஒன்று, திருத்தத்தை உள்ளே செலுத்த ஒன்று, வரலாற்றைப் பார்க்க ஒன்று. நான்கையும் நோட்டின் உள் அட்டையில் எழுதிச் சுற்றிக் கட்டம் கட்டினார். ஐந்தாவது கட்டளை அவருக்கு வாழ்க்கையில் தேவைப்படவில்லை.

பட்டியல் தயாரிக்க மூன்று நாள். முதல் பெயர் சாய்சரண். அவன் புரோகிராம் எழுதி ஆறு வருஷம் ஆகிறது. அதற்காக முதலாளி பெயர் இல்லாமல் ஒரு பட்டியலா? அடுத்து சுஹாஸ். அப்புறம் நிரந்தரமாக இருந்த மற்றவர்கள் எல்லாரும், வயதுப்படி. கடைசியில், யாராவது உள்ளே செலுத்தியாக வேண்டுமே என்று, தன் பெயர். பயிற்சியில் இருந்த நாலு பேருக்கு அனுமதி கிடையாது. “நேத்திக்கு வந்தவாள்ளாம் எழுதறதுன்னா அப்புறம் அனுமதிக்கு என்ன மரியாதை?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் திருத்தங்களில் முக்கால்வாசியைச் செய்துகொண்டிருந்தது அந்த நாலு பேர்தான், அதைச் சொன்னால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்ற கேள்வி வரும்.

ஆகவே ஒரு நடைமுறை ஏற்படுத்தினார். பயிற்சிக்காரர்கள் தங்கள் திருத்தத்தை ஃபிளாப்பியில் போட்டு, படிவம் இரண்டு பிரதி எழுதி, அவரிடம் தர வேண்டும். எந்தப் புரோகிராம், எத்தனையாவது வரி, மாற்றக் காரணம், முன் அனுபவம் உண்டா. கபாலி படிவத்தை வரிவரியாகப் படிப்பார். ஃபிளாப்பியில் இருப்பதைப் படிப்பாரா? அது அவர் வேலையில்லை. படிவம் சரியென்றால் ஸ்டாம்ப் அடித்து, வரவு நோட்டில் எண், தேதி, நேரம், கொடுத்தவர் பெயர் எல்லாம் குண்டு குண்டாக எழுதி, நல்ல நேரம் பார்த்து உள்ளே செலுத்துவார். ராகு காலத்தில் ஒரு எழுத்து உள்ளே போகாது. அஷ்டமி நவமியில் புதுப் புரோகிராம் எதையும் தொட மாட்டார். அமெரிக்காவில் அந்த வரலாற்றைப் படித்தவர்கள், செவ்வாய்க்கிழமைகளில் மூன்றிலிருந்து நாலரை வரை இந்தக் கம்பெனியில் ஒரு திருத்தமும் நடப்பதில்லை என்று கண்டுபிடித்து, என்ன கட்டுப்பாடு என்று பாராட்டி எழுதினார்கள்.

வரலாறு என்றேனே, அதில்தான் வில்லங்கம். கம்ப்யூட்டருக்குப் படிவமும் தெரியாது, வரவு நோட்டும் தெரியாது. உள்ளே செலுத்தியது யாரோ அவர் பெயரை எழுதிக்கொள்ளும். பயிற்சிக்காரர்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த ஒவ்வொரு திருத்தத்துக்கும் நேரே அது எழுதியது: கபாலி, கபாலி, கபாலி.

அந்த நாலு பேரில் மூன்று பேர் பொங்கலுக்குள் வேறு கம்பெனிக்கு ஓடிப்போனார்கள். மிச்சம் இருந்தவள் அனு. பட்டினப்பாக்கத்துக் குப்பத்திலிருந்து வருகிறவள். அம்மா கெங்கம்மா மயிலாப்பூர்ப் பக்கம் மீன் விற்பவள். பி.எஸ்ஸி. முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமாவும் முடித்து, அந்தக் குப்பத்திலேயே ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வேலை செய்கிற முதல் ஆள். சும்மா சொல்லக்கூடாது, வேலையில் பேய். தேதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். படிவம் எழுதுவதில்தான் திண்டாட்டம்.

டிசம்பர் இருபத்தொன்றாம் தேதி ஃபிளாப்பியோடு ஓடி வந்தாள்.

“சார், இது அர்ஜென்ட் சார். ரெண்டாயிரத்துல பிப்ரவரி இருவத்தொம்போது கீது. சுஹாஸ் சார் எய்துன புரோகிராம் இல்லேன்னு சொல்லுது. நூறால வகுபட்டா லீப் வருசம் இல்லேன்னு வுட்டாரு. நானூறால வகுபட்டா உண்டு சார், அத்த மறந்துட்டாரு.”

“காரணக் கட்டத்துல என்ன எழுதியிருக்கே?”

“தப்பா கீதுன்னு எய்திக்கிறேன்.”

“தப்புன்னா யாரோட தப்பு? எந்தத் தேதிலேர்ந்து தப்பு? பெரியவா எழுதினதைத் தப்புன்னு மொட்டையா எழுதலாமோ? விவரமா எழுதிண்டு வா.”

அவள் விவரமாக எழுதிக்கொண்டு வந்தாள். இரண்டாம் பிரதியில் கையெழுத்து இல்லை என்று திருப்பினார். கையெழுத்தோடு வந்தாள். அன்றைக்கு அஷ்டமி. ஆகக்கூடி, பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி உலகத்தில் உண்டு என்பது பதினாலு நாள் கழித்து, ஜனவரி நாலாம் தேதிதான் சர்வருக்குள் அனுமதிக்கப்பட்டது.

இதற்கு நடுவே தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சாய்சரணுக்கு ஆசை வந்தது. சான்றிதழ்காரர்கள், பயிற்சிக்காரர்களை எந்த அடிப்படையில் நிரந்தரம் செய்கிறீர்கள், விதி உண்டா என்று கேட்டார்கள். விதி என்ற சொல்லைக் கேட்டதும் கபாலிக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று மாலையே ஏழாம் எண் சுற்றறிக்கை தயார்: மார்ச் முப்பத்தொன்றுக்குள் வரலாற்றில் தம் பெயரில் நூறு திருத்தங்களாவது உள்ள பயிற்சிக்காரர் மட்டுமே நிரந்தரம் செய்யப்படுவார், மற்றவர் விடுவிக்கப்படுவார். பயிற்சிக்காரர் திருத்தக்கூடாது என்ற இரண்டாம் எண் சுற்றறிக்கைக்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்டினார். இரண்டிலும் கீழே ஒரே கையெழுத்து. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒரே ஆளுக்கு அதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் அமெரிக்காவிலிருந்து இ-மெயில் வந்தது. ஐந்து கம்பெனிகளுக்கு வேலை கொடுத்திருந்தார்களாம்; பிப்ரவரி இருபத்தொன்பதைச் சரியாகச் செய்தது இந்த ஒரு கம்பெனிதானாம். வரலாற்றை எடுத்துப் பார்த்தார்களாம். ஆயிரத்து நானூற்று எண்பத்தாறு திருத்தங்களில் ஆயிரத்து நூற்று முப்பது ஒரே ஆள் செய்தது, அதில் பிழை என்று எதுவும் இல்லை. இப்படி ஒரு புரோகிராமரை நாங்கள் பார்த்ததில்லை. மிஸ்டர் கபாலியை ஆறு மாதம் எங்களிடம் அனுப்பி வையுங்கள். அடுத்த வியாழக்கிழமைக்கு அடுத்த வியாழன் மாலை ஏழு மணிக்கு அவரோடு போனில் பேச விரும்புகிறோம்.

சாய்சரண் சிரித்தான். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தான். “அத்திம்பேர், போயிட்டு வாங்கோளேன். அங்க போய் உக்காந்துக்கோங்கோ, வேலையை இங்கேர்ந்து சுஹாஸ் பண்ணி அனுப்புவான். யாருக்குத் தெரியப்போறது?”

“எனக்கு ஒண்ணும் தெரியாதேடா.”

“உங்களுக்குத் தெரியாதுன்னு அவாளுக்குத் தெரியாதே!”

அன்று ராத்திரிக்குள் மாடவீதி முழுக்கத் தெரிந்துவிட்டது. நீரஜா பாண்டி பஜாரில் பெட்டி வாங்கினாள், ஸ்வெட்டர் வாங்கினாள். நாலாவது வீட்டு மாமி, நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்கு என்று இரண்டு கிலோ வடாம் கொண்டுவந்து வைத்தாள். பார்க்கில் காலையில் நடக்கிற கூட்டம் கபாலியைச் சூழ்ந்துகொண்டு, ரெண்டாயிரத்தில் லிஃப்ட் நின்றுபோகுமா, பாங்கு மூடிவிடுமா என்று கேட்டது. முதல் நாள் “எனக்கெப்படித் தெரியும்” என்றார். மூன்றாம் நாள் “கவலைப்படாதேள், பார்த்துக்கலாம்” என்றார். ஐந்தாம் நாள் லீப் வருஷத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அவருக்கு அமெரிக்கா போக ஆசை வந்துவிட்டது. ரொம்ப ஆசை. இருபத்தேழு வருஷம் சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி ஏறினதைத் தவிர வேறெங்கும் போகாத மனுஷன், பாவம். நான்தானே உள்ளே செலுத்தினேன், நான் செலுத்தாவிட்டால் அது ஃபிளாப்பியிலேயே கிடந்திருக்காதா என்று தனக்குத்தானே வாதாடினார். அப்படிப் பார்த்தால் பாதி வேலை நம்முடையதுதான் என்று தோன்றியது. இன்னும் இரண்டு நாளில் முக்கால்வாசி என்று தோன்றியது.

மார்ச் இருபத்திரண்டாம் தேதி பயிற்சிக்காரர் மதிப்பீடு. ஏழாம் எண் சுற்றறிக்கைப்படி சாய்சரண் வரலாற்றைப் பார்த்தான். அனு பெயரில் பூஜ்யம். மாதக் கடைசியோடு விடுவிக்கப்படுகிறாள் என்று கடிதம் அடித்துக் கொடுத்தான். அவனைத் தனியாகக் கேட்டால், “விதியை மாத்தினா சான்றிதழ் போயிடும்” என்பான். அந்தக் கடிதத்தின் நகலும் கபாலியின் மேஜைக்குத்தான் பதிவுக்கு வந்தது.

புதன்கிழமை அனு வந்து மேஜை முன் நின்றாள். கையில் ஃபிளாப்பி இல்லை.

“சார், நான் இந்த ஆபீஸ்ல ஒண்ணுமே பண்ணலேன்னு எய்திக்கினு கீறாங்க. பூஜ்யமாம். இந்தக் கடுதாசிய எட்துக்கினு வேற கம்பெனிக்குப் போனா எவன் சார் உள்ள வுடுவான்? ஒம்போது மாசமா இன்னா பண்ணேன்னு கேப்பான். எங்கம்மா கேட்டா நான் இன்னா சொல்றது?”

“நான் என்னம்மா பண்ணட்டும், கம்ப்யூட்டர் அப்படித்தான் எழுதிக்கறது.”

“கம்ப்யூட்டர் எய்தல சார். உங்க நோட்டுல கீது. வரவு நோட்டு. நான் குடுத்ததெல்லாம் என் பேர்லதான் எய்தி வச்சிக்கிறீங்க. தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. நான் எண்ணிக்கினேதான் வந்தேன். அத்த முதலாளிகிட்ட காட்டுங்க, போதும்.”

கபாலி நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். அதைக் காட்டினால் அனுவுக்கு வேலை நிற்கும். அதைக் காட்டினால் அமெரிக்கா போச்சு, பார்க் போச்சு, பெட்டி போச்சு. இது அவருக்கும் தெரிந்தது, எதிரே நின்றவளுக்கும் தெரிந்தது.

“இதெல்லாம் உத்தியோகத்துல சகஜம்மா. நான் இருபத்தேழு வருஷம் எழுதின குறிப்பு ஒண்ணுலகூட என் பேர் இல்லை. நான் எழுதுவேன், சூப்பிரண்டு கையெழுத்துப் போடுவார். ஒரு தடவை நில ஆவணம் மொத்தத்தையும் நான் வரிசைப்படுத்திக் குடுத்தேன், மூணு வருஷ உழைப்பு. அதுக்கு அவருக்குப் பதவி உயர்வு கிடைச்சுது. நான் மாலை வாங்கிண்டு போய்ப் போட்டேன்.”

“அன்னிக்கு உங்களுக்கு எரிஞ்சுதா இல்லியா சார்?”

கபாலி மைப் பெட்டியைத் திறந்து மூடினார். “யோசிக்கறேன்” என்று மட்டும் சொன்னார். அவள் போன பிறகு நோட்டை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். எரிந்ததா என்று கேட்கிறாளே! மாலை போட்டுவிட்டு வந்து சைதாப்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டு ரயிலை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது அவருக்கல்லவா தெரியும். அந்தப் புதன்கிழமை ராத்திரி நீரஜா அடை வார்த்துப் போட்டாள். ஒன்றே ஒன்று சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை. சாய்சரண் அறையில் ஸ்பீக்கர் போன். ஒரு பக்கம் சாய்சரண், ஒரு பக்கம் சுஹாஸ், நடுவில் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாகக் கபாலி. லீப் வருஷத்தைக் கண்டுபிடித்த கதையை சுஹாஸ் ஒரு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அதை அப்படியே வாசிக்க வேண்டும், வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்பது ஏற்பாடு. தன் தப்பைத் திருத்தியவரின் கதையைத் தானே எழுதுவதில் சுஹாஸுக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை, இருந்தாலும் எழுதியிருந்தான்.

அமெரிக்க மேனேஜர் அம்மாளின் குரல் கணீரென்று கேட்டது. வணக்கம், உங்களோடு பேசுவதில் பெருமை, அந்தப் பிப்ரவரித் தவறை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சொல்லுங்கள்.

கபாலி காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார். “ஜனவரி நான்காம் தேதி நான் கவனித்தது என்னவென்றால்,” என்று ஆரம்பித்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

சாய்சரண் கையால் வாசி வாசி என்று ஜாடை காட்டினான்.

“தேதி தப்பு” என்றார் கபாலி.

“அத்திம்பேர்!”

“ஜனவரி நாலு நான் உள்ள செலுத்தின தேதிடா. வரவான தேதி டிசம்பர் இருபத்தொண்ணு. தப்பான தேதியை நான் எப்படிச் சொல்ல முடியும்?”

பொய் சொல்ல அவருக்கு ஆட்சேபம் இருந்ததோ என்னவோ, நமக்குத் தெரியாது. ஆனால் தேதியை மாற்றிச் சொல்ல அந்த நாக்கு வளையாது. சரியான தேதியைச் சொன்னால் யாரிடமிருந்து வரவு என்றும் சொல்ல வேண்டும். அதையும் அவர் அந்த ஒரு நொடியில் புரிந்துகொண்டார். எழுந்து போனார். இழுப்பறையைத் திறந்து வரவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். வருகிற வழியில், தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்த அனுவை, “நீயும் வா” என்று கூப்பிட்டார்.

“மேடம்,” என்றார் போனில், அரசாங்க ஆங்கிலத்தில், “என்னிடம் ஆவணம் இருக்கிறது. வாசிக்கிறேன். எண் எண்ணூற்று நாற்பத்தேழு. தேதி டிசம்பர் இருபத்தொன்று. நேரம் காலை பத்து மணி ஐந்து நிமிடம். பொருள், பிப்ரவரி இருபத்தொன்பது. கொடுத்தவர், அனு. முதல் முறை திருப்பப்பட்டது, காரணம், விவரம் போதாது. இரண்டாம் முறை திருப்பப்பட்டது, காரணம், பிரதியில் கையெழுத்து இல்லை.”

சாய்சரண் போனை அணைக்கக் கை நீட்டினான். கபாலி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நோட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். “மற்றவையும் உள்ளன. எண் மூன்று, தேதி ஜூலை ஆறு, கொடுத்தவர் அனு. எண் நான்கு, அதே தேதி, கொடுத்தவர் அனு. எண் ஏழு, கொடுத்தவர் அனு.” நிறுத்தவே இல்லை. கோயிலில் அர்ச்சனை சொல்கிற மாதிரி ஒரே ராகத்தில் போய்க்கொண்டிருந்தார். சுஹாஸ் தலையைக் குனிந்துகொண்டான். கதவருகே நின்ற அனு துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நாற்பத்திரண்டாவது பதிவில் மேனேஜர் அம்மாள் போதும் என்றார்.

“இன்னும் எண்ணூற்று எழுபது இருக்கிறது மேடம்.”

“நம்புகிறேன். இந்த அனு உங்கள் அனுமதிப் பட்டியலில் இருக்கிறாரா?”

“இல்லை மேடம்.”

“ஏன்?”

“விதி மேடம்.”

“யார் போட்ட விதி?”

கபாலி தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் போட்டது” என்றார்.

“நீங்கள் எத்தனை புரோகிராம் எழுதியிருக்கிறீர்கள், மிஸ்டர் கபாலி?”

“எழுதத் தெரியாது மேடம்.”

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அதுதான் சாய்சரணுக்கு இன்னும் பயமாக இருந்தது. நாளைக்குள் பட்டியலில் எழுதுகிறவர்கள் மட்டும் இருக்க வேண்டும், எழுதாதவர்கள் பெயர் போக வேண்டும், அனுவுக்கு நீங்கள் கொடுத்த கடிதம் ஏதாவது இருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போய் கபாலி நடந்ததைச் சொன்னார். நீரஜா புதுப் பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். பிறகு, “நாலாமாத்து மாமிக்கு வடாத்தை நீங்களே திருப்பிக் குடுத்துட்டு வாங்கோ, நான் போக மாட்டேன்” என்றாள். அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை எழுத்து அனுமதி அதிகாரி கடைசியாகச் சர்வர் முன் உட்கார்ந்தார். முதலில் அனுவின் பெயரைச் சேர்த்தார். பிறகு சாய்சரணின் பெயரை நீக்கினார். மச்சினன் கதவோரம் நின்று முறைத்ததைக் கண்டுகொள்ளவில்லை. பட்டியலின் பொறுப்பைச் சுஹாஸிடம் ஒப்படைத்தார். மிச்சம் இருந்தது ஒரு பெயர். தன் பெயரைத் தானே தட்டச்சு செய்து, நீக்கு என்ற கட்டளையை நோட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, அழுத்தினார். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

அனு உட்கார்ந்தாள். அவளுடைய தொள்ளாயிரத்துப் பதின்மூன்றாவது திருத்தம். ஒரே ஒரு வரிதான். அடித்து முடித்துவிட்டுத் திரையில் எதையோ தேடினாள்.

“பேரை எங்க சார் எய்தணும்?”

“நீ எழுத வேண்டாம்மா. அதுவே போட்டுக்கும்.”

அழுத்தினாள். வரலாற்றைத் திறந்தாள். கபாலி கபாலி என்று திரை நிறைய இறங்கிய வரிசைக்கு மேலே, முதல் வரியில், அனு என்றிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். கம்ப்யூட்டர் தானாகவே வரலாற்றை மூடிவிட்டுப் பழைய திரைக்குப் போய்விட்டது. திரும்பி அவரைப் பார்த்தாள்.

“இன்னொரு வாட்டி பாக்கலாமா சார்?”

“என்னை எதுக்கும்மா கேக்கறே?” என்றார் கபாலி. “நான்தான் லிஸ்ட்லயே இல்லையே.”